பின் சக்கரத்துக்கு ஒரு கல்லு

பாத்தீங்களா தம்பி, பஸ்ஸு நின்ன உடனே கண்டக்டர் மொதல்ல என்ன பண்ணுனாரு? டீ குடிக்கப் போனாரா? இல்ல. ரோட்டோரம் கெடந்த கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அண்டக் குடுத்துட்டு, அப்பறந்தான் கடைப் பக்கம் திரும்புனாரு. அவ்வளவுதாங்க விசயம். இந்த ஒரு புத்தி எம்பட ஊட்டுக்காரிக்கு இருந்திருந்தா, நான் இன்னிக்கி இந்தக் கொண்டை ஊசி வளைவுல வவுத்தைப் புடிச்சுட்டு உக்காந்திருக்க வேண்டியதில்ல.

கோத்தகிரிக்குத்தாங்க. மக ஊட்டுக்கு. மாப்பிள்ளை அங்க டீ பேக்டரில இருக்காரு. நீங்களும் அங்கதானா? அப்பச் சரி. சன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு வெளிய பாத்தா கிறுகிறுங்குது. மடில பேப்பர் சுத்தி வெச்சிருக்கறது என்னன்னு பாக்கறீங்களா? கம்பிங்க. வெறும் இரும்புக் கம்பி. அதைய அப்பறம் சொல்றேன்.

எம் பேரு சென்னியப்பன். கோயமுத்தூரு, வடவள்ளி. மில்லுல மெயின்டனன்ஸ் போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். இரும்புன்னா எனக்குத் தெரியும். அதைய நானே சொல்லிக்கக் கூடாது, ஆனா வேற யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களே.

ரிட்டயர் ஆனவிங்க என்ன பண்ணுவாங்க? கோயிலுக்குப் போவாங்க, நடக்கப் போவாங்க, டிவி பாத்துட்டு ஊட்டுல இருக்கறவிங்க உசுரை வாங்குவாங்க. நான் அப்படியெல்லாம் இல்லீங்க. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் செட்டுக்குள்ள கோழி அடைஞ்சு கெடந்த கார் ஒன்னை வாங்கிட்டு வந்து போர்டிகோவுல நிறுத்துனேன். அம்பத்தெட்டாம் வருசத்து அமெரிக்கா வண்டி. பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது, விடுங்க. நீளம்னா நீளம், எங்க ஊட்டு வாசலை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. சுலோசனா, அதான் எம்பட ஊட்டுக்காரி, கோலம் போடறதுக்கு எடம் இல்லைன்னா. ரோட்டுல போட்டுக்கோன்னேன்.

அது ஆட்டோமேட்டிக் வண்டி தம்பி. அந்தக் காலத்துலயே! கிளட்ச்சே கெடையாது. எடது காலுக்கு வேலையே இல்ல, சும்மா வெச்சுட்டு உக்காந்துக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழயே லீவரு இருக்கும். அதுக்குப் பக்கத்துல எழுத்துப் போட்டு, எதுல நிக்குதுன்னு காட்ட ஒரு முள்ளும் வெச்சிருப்பான். ‘பி’ன்னா வண்டி நிக்கோணும். ‘ஆர்’னா பின்னாடி போகோணும். ‘என்’னா சும்மா இருக்கோணும். ‘டி’ன்னா முன்னாடி போகோணும். இவ்வளவுதான். பச்சப்புள்ளை ஓட்டலாம்.

இஞ்சினை நானே பிரிச்சு நானே கோத்தேன். வயரிங் நானே. சீட்டு மட்டும் வெளிய குடுத்தேன். பம்பருக்கு மெட்ராஸ் வரைக்கும் போய்க் குரோம் பூசி வாங்கியாந்தேன். மூஞ்சி பாத்துத் தலை சீவிக்கலாம், அப்படி இருந்துச்சுங்க பம்பரு. அதைய நெனச்சாத்தான்... சரி, விடுங்க.

எல்லாம் முடிஞ்சு கடைசியா நின்ன வேலை இந்த லிங்கேஜு. லிங்கேஜுன்னா ஒன்னுமில்ல. லீவரு மேல இருக்குது, கியர் பாக்ஸு கீழ, சீட்டுக்கு அடில இருக்குது. மேல நீங்க ஒரு எழுத்துல வெச்சா, கீழ பாக்ஸும் அதே எழுத்துக்குப் போகோணும். அங்கயும் இங்கயும் சேதி சொல்லறது யாரு? நடுவால போற கம்பி. அதும் ரெண்டு முனையிலயும் ரப்பர் வளையம், புஷ்ஷுன்னு சொல்லுவோம். கம்பி நீளம் கொஞ்சம் பிசகுனாலும் மேல ஒன்னு சொல்லும், கீழ ஒன்னு நடக்கும்.

பழைய கம்பி துருப்புடிச்சு, தொட்டா உதுந்துச்சு. அதுல நீளத்தைக் கூட்டிக் கொறைக்க மரையும் நட்டும் இருந்துச்சுங்க. நான் புதுசா ஒரே கம்பியா வளைச்சுட்டேன். மரை கிரை எதுவும் வெக்கல. அளந்து செய்யத் தெரியாதவனுக்குத்தான் கூட்டறதும் கொறைக்கறதும். எனக்கெதுக்கு?

இந்த வேலைக்கு ரெண்டு ஆளு வேணும் தம்பி. ஒருத்தன் மல்லாக்கப் படுத்துட்டு அடில இருக்கோணும். இன்னொரு ஆளு மேல உக்காந்து லீவரைத் தள்ளி, எந்த எழுத்துன்னு சொல்லோணும். மேல உக்காரறது சுலோசனா. ஆடி மாசத்துல ஆரம்பிச்சோம். நான் கூப்புடுவேன், அவ வரோணும். அடுப்புல கொழம்பு இருக்குதும்பா, அணைச்சுட்டு வான்னு சொல்லுவேன். சில நாளு அவரைக்காயை முறத்தோட தூக்கியாந்து, மடில வெச்சு நாரு உரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பா. நான் அடில இருந்து ‘ஆர்’னா, அவ மேல இருந்து ‘ஆருங்க’ன்னு திருப்பிச் சொல்லுவா. அந்தச் சத்தம் தெரு முக்கு வரைக்கும் கேக்குதுன்னு பக்கத்து ஊட்டுக்காரரு சிரிப்பாரு. சிரிச்சுட்டுப் போகட்டும்.

ஒருக்கா கேட்டா பாருங்க. “ஏனுங்க, இத்தனை நாளு உக்காந்திருக்கறேன், கேட்டு வரைக்கும் ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கட்டுங்களா?”ன்னு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. அடில படுத்திருந்தவன் எந்திரிக்கப் போயி நெத்தில இடிச்சுக்கிட்டேன். “உனக்கு ஓட்டறதுக்கா நான் இத்தனை பாடுபட்டேன்? எழுத்தைப் படி போதும்”ன்னேன். தமாசுக்குத்தாங்க சொன்னேன். அவ அதுக்கப்பறம் கேக்கவே இல்ல. அப்படி ஒன்னும் பெரிய ஆசை இல்லைன்னு அதுலயே தெரியுதல்ல?

கம்பியை மாட்டற அன்னிக்குத்தான் வம்பு. ‘என்’ல வெச்சுட்டுக் கம்பி முனையைக் கீழ ஓட்டைக்குள்ள விடோணும். தானா விழோணும், பலம் குடுக்கக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குது. எனக்குத் தானா விழல. சுத்தியல எடுத்து லேசா ஒரு தட்டுத் தட்டுனேன். விழுந்துருச்சு. விழுந்துச்சா இல்லையா? அவ்வளவுதான வேணும்?

மேல இருந்து இவ ஆரம்பிச்சா. “ஏனுங்க, மத்த எழுத்துல எல்லாம் டக்குன்னு குழில உக்காருது. ‘பி’ல மட்டும் உக்கார மாட்டேங்குது. மெத்துனு இருக்குதுங்க.”

“முள்ளு எதுல நிக்குது?”

“‘பி’லதான் நிக்குது.”

“அப்பறம் என்ன?”

“கைக்குத் தெரியுதுங்க. அரைகொறையா நிக்குது.”

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். முப்பது வருசம் மிசினோட குடும்பம் நடத்துனவன் நான். அவரைக்காய் நாரு உரிக்கறவ எனக்குச் சொல்லறா, கைக்குத் தெரியுதுன்னு. “நீ வாயைச் சாத்திட்டு எழுத்தை மட்டும் படி”ன்னேன். படிச்சா. அன்னிக்கி முச்சூடும் எழுத்தைத் தவிர வேற ஒரு வார்த்தை பேசல. சோறு போடும்போதும் பேசல. திமிரு.

ஆயுத பூசை அன்னிக்கி வண்டியை வெளிய எறக்கறதுன்னு முடிவு. எங்க போர்டிகோவுல இருந்து ரோட்டுக்கு நல்ல சரிவுங்க. வண்டி மூஞ்சி ஊட்டைப் பாத்து நிக்குது, பின்பக்கம் ரோட்டைப் பாத்து நிக்குது. பின் சக்கரத்துக்கு எப்பவும் ஒரு கருங்கல்லு வெச்சிருப்பேன். அந்த விசயத்துல நான் கறாரு. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, லீவரை ‘பி’ல போட்டுட்டு எறங்குனேன். ‘பி’ இருக்கறப்பக் கை பிரேக்கு எதுக்கு? மாலை போட்டாச்சு. சூடம் காட்டியாச்சு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கோணுமல்ல? வண்டி ரிவர்ஸ்ல எறங்கறதால பழத்தைப் பின்னாடிதான் வெக்கோணும். அந்த எடத்துல கல்லு கெடக்குது. கல்லும் பழமும் சேத்து எப்படி வெக்கறது? “கல்லை எடுத்துட்டுப் பழத்தை வெய்யி”ன்னு நாந்தான் சொன்னேன்.

அவ எடுத்தா. பழத்தை வெச்சா. எனக்குப் போட்டோ எடுக்கற அவசரம். “பின்னாடி நம்பர் பிளேட்டுக்குச் சந்தனம் வெக்கல பாரு”ன்னு சொல்லீட்டுத் தள்ளி நின்னு போனைத் தூக்குனேன். அவ போய்க் குனிஞ்சா.

வண்டி எறங்கிருச்சு.

அலுங்காம எறங்குச்சுங்க. பழம் நசுங்குனதுதான் எனக்கு மொதல்ல கேட்டுச்சு. அவ நகரப் பாத்திருக்கறா, எடது காலு சக்கரத்துக்கும் கேட்டுக் கல்லுக்கும் நடுவால மாட்டிக்கிச்சு. பம்பரு கேட்டுத் தூணுல போய் இடிச்சு நின்னுச்சு. அந்தக் குரோமு, தம்பி, அந்தக் குரோமு பேப்பரு மடங்குன மாதிரி மடங்கி...

இப்பச் சொல்லுங்க. கல்லை எடுன்னா எடுத்துடறதா? எடுத்தவ திருப்பி வெக்கோணும்னு தெரிய வேண்டாமா? நான் பழத்துக்காக எடுக்கச் சொன்னேன். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குப் பழம், இன்னொரு பக்கத்துக்குக் கல்லுன்னு வெச்சிருக்கலாமல்ல? சொந்தமா யோசிக்கோணும். இதைய நான் யாருகிட்டச் சொன்னாலும் மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. நீங்களாச்சும் கேக்கறீங்க.

எலும்பு ரெண்டு எடத்துல ஒடைஞ்சுருச்சு. பிளேட்டு வெச்சாங்க. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சு என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. “லீவரு எந்த எழுத்துல இருந்துச்சுங்க?” நான் பொய் சொல்லற ஆளு இல்ல. “‘பி’லதான் இருந்துச்சு, நாந்தான் போட்டேன்”ன்னேன். சரின்னா. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அதுல கோவிக்க என்னங்க இருக்குது? உண்மையைத்தான சொன்னேன்?

மக யமுனா ஓடியாந்தா. அவளுக்கு எம் மேல என்ன கோவம்னா, ஆம்புலன்சு வந்தப்ப நான் “பம்பர் போச்சே”ன்னு சொன்னேனாம். பக்கத்து ஊட்டுக்காரரு சொல்லிக் குடுத்திருக்காரு. சொல்லியிருப்பேன். பதட்டத்துல வாயில என்ன வருதுன்னு யாருக்குத் தெரியும்? அதையவே புடிச்சுக்கிட்டா. டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கே அம்மாளை வண்டில ஏத்திட்டுக் கோத்தகிரிக்கு வந்துட்டா. நான் ஊட்டைக் கூட்டிப் பெருக்கி, கட்டிலைக் கீழ் ரூமுக்கு மாத்திப் போட்டு வெச்சிருந்தேன். அதைய யாரும் வந்து பாக்கல.

ஐப்பசில போனவ. இப்ப சித்திரை வந்துருச்சு. மத்தியானம் மெஸ்ஸுல சாப்பிடறேன், ராத்திரிக்கு ரொட்டி. அதைய விடுங்க. ஊட்டுக்குள்ள நொழைஞ்சா ஒரு சத்தம் இல்லீங்க. நான் இருமுனா அது எனக்கே திரும்பக் கேக்குது. ஒரு நாளு வண்டிக்கு அடில படுத்துட்டுப் பழக்கத்துல ‘ஆர்’னு கத்திட்டேன். கத்திட்டு, மேல இருந்து சத்தம் வருமான்னு அப்படியே படுத்துக் கெடந்தேன். சொன்னா வெக்கக்கேடு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. தூசி வேற.

போன் போட்டா மகதான் எடுப்பா. “அம்மா இல்லீங்கப்பா, வெளிய போயிருக்காங்க.” எப்பக் கேட்டாலும் வெளிய போயிருக்காங்க. காலு அப்படி இருக்கறவ எங்க போவா? பொய்யின்னு எனக்குத் தெரியாதா? ஒருக்கா தப்பித் தவறி இவளே எடுத்துட்டா. நான் எவ்வளவு தன்மையாக் கூப்பிட்டேன் தெரியுமா? “சுலோ, வண்டி அப்படியே நிக்குது. ஒரு மணி நேரம் வந்து லீவரைப் புடிச்சுக் குடுத்துட்டு, இஷ்டம்னா திரும்பப் போயிக்கோ”ன்னேன். சமைக்கக் கூப்பிட்டனா, துணி தொவைக்கக் கூப்பிட்டனா? அதுக்கு போனை வெச்சுட்டா.

உக்கடத்துல ஜாபர் பாய்னு ஒரு மெக்கானிக்கு, எனக்கு வேண்டியவரு. வந்து அடில பூந்து பாத்துட்டு, “அண்ணா, கம்பி கட்டையா இருக்குது. மேல ‘பி’ காட்டுது, கீழ பாக்ஸு முழுசா லாக் ஆகல”ன்னாரு. இவரெல்லாம் ஒரு மெக்கானிக்கு. அதே வாயில, “அண்ணியும் அதைத்தான் சொன்னாங்களாமே”ன்னாரு. யாரு சொன்னாங்க இவருக்கு? ஊரு முழுக்க இதே பேச்சா? கம்பில ஒரு கொறையும் இல்லைன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லி அனுப்பிச்சேன். “லீவரைப் புடிக்க நம்ம கடை ஆளு ஒருத்தரை அனுப்பட்டுங்களா”ன்னாரு. வேண்டாம்னுட்டேன். கண்டவன் புடிச்சா லீவரை முறுக்கிப் போடுவான். சுலோசனா கை வேற மாதிரிங்க. பூட்டைத் தொறக்கற மாதிரி மெதுவா நகத்துவா. அந்த லீவரு அவ கைக்குப் பழகிப் போச்சு.

இந்தக் கம்பியா? இது புதுசு. கணபதில ஒரு லேத்துக்குப் போய்ப் பண்ணுனேன். பழசுல குத்தம் இல்லீங்க, அதைய எழுதியே தருவேன். புதுசு ஒன்னு கையில இருந்தா நல்லதுதானன்னு பண்ணுனேன். பழசை விடக் கொஞ்சம் நீளம். பாருங்க, இந்த முனையில மரை போட்டு நட்டும் வெச்சிருக்கறேன். கூட்டவும் செய்யலாம், கொறைக்கவும் செய்யலாம். அவகிட்டக் காட்டறதுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன். எதுக்குக் காட்டறதுன்னா... காட்டறதுக்குத்தான். பாத்தா அவளுக்குத் தெரியும்.

நேத்து யமுனாகிட்ட வரேன்னு சொன்னேன். எத்தனை மணி பஸ்ஸுன்னு கேட்டா. அப்பறம், “சரி வாங்க. அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்குவாங்க. வெள்ளை வண்டி”ன்னா. பாத்தீங்களா, அவளே வாரா. மாப்பிள்ளை வண்டி எடுத்துட்டு வருவாரு, இவ கூட வந்து உக்காந்திருப்பா. கோவம் தணிஞ்சுருச்சுன்னுதான அர்த்தம்? நான் ஒன்னும் பழசைக் கிளற மாட்டேன். கல்லைப் பத்தி மட்டும் ஒருக்கா சொல்லோணும். சொல்லாம விட்டா நாளைக்கு மறுபடியும் அதே தப்பைப் பண்ணுவா.

வந்துருச்சா? கோத்தகிரியா இது? டீக்கடையில இருந்து பஸ்ஸை எடுத்ததே பேசுனதுல தெரியல. தம்பி, நீங்க சன்னல் பக்கம் இருக்கறீங்க, செத்த எட்டிப் பாத்துச் சொல்லுங்க. வெள்ளை வண்டி. எங்க? அந்த மேட்டு மேலயா? பழக்கடைக்குப் பக்கத்துலயா? இருங்க, நானும் பாக்கறேன்.

வண்டி அதுதான். மாப்பிள்ளையைக் காணோமே. ஸ்டியரிங்குகிட்ட ஒரு பொம்பளை உக்காந்திருக்குது. யமுனாவா? இல்ல, யமுனா கண்ணாடி போடுவா.

அவதானுங்க. சுலோசனாதான்.

யாரு இவளுக்கு லைசென்சு குடுத்தாங்க? அப்ப வெளிய போயிருக்காங்க, வெளிய போயிருக்காங்கன்னு மக சொன்னதெல்லாம் இதுக்குத்தானா? அந்தக் காலை வெச்சுட்டு எப்படிங்க... ஆட்டோமேட்டிக்கா இருக்கும். இப்ப வாரதெல்லாம் பாதி அதுதான. எடது காலுக்குத்தான் அதுல வேலையே இல்லையே.

தம்பி, பின் சக்கரத்தைப் பாருங்க. கல்லு வெச்சிருக்குதா? நல்லாக் குனிஞ்சு பாருங்க. இல்லையா? ஒன்னுமே இல்லையா? நான் சொன்னேன்ல! இத்தனை பட்டும் கல்லு வெக்கல பாருங்க. இந்த மாதிரி ஒரு சரிவுல, கல்லு இல்லாம, கட்டை இல்லாம... வண்டி அசையுதா?

அசையலையா.

என்னைப் பாத்துட்டா. எறங்க மாட்டேங்கறா. கையை நீட்டி இந்தப் பக்கத்துக் கதவைத் தொறந்து விட்டுட்டு, நேரா ரோட்டைப் பாத்து உக்காந்துட்டா.

பையை எடுங்க தம்பி, எறங்கறேன். அந்தக் கம்பியையும் குடுங்க. இல்ல, நீங்க ஒன்னும் கூட வர வேண்டாம், தோ இருக்குது. அந்தக் கதவுக்கு வண்டி பின்பக்கமாப் போனாக் கிட்டத்தான். பரவால்லீங்க, நான் முன்பக்கமாவே சுத்திப் போய் ஏறிக்கறேன்.